இலவசப் பாடநூல்: யாருடைய புத்தகம், யாருக்கான போராட்டம்?

1

2023 மே மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பஹ்ரைனின் ஈசா டவுனில் நண்பர் ஒருவரின் அறையில் நாங்கள் ஐந்தாறு பேர் கூடியிருந்தோம். இலங்கையின் பொருளாதார நெருக்கடி பற்றிய பேச்சு, பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசப் பாடநூல் அச்சிடுவதற்குக் கடதாசி இல்லாமற் போன கதையில் வந்து நின்றது. ஒரு காலத்தில் இயக்கமொன்றின் முழுநேர ஊழியராக இருந்த நண்பர் ஒருவர் சற்றுக் கோபமாகவே சொன்னார்: "நிற்பாட்டினால் நிற்பாட்டட்டும். விஜயன்ரையும் துட்டகைமுனுவின்ரையும் கதையைத்தானே எங்கட பிள்ளையளுக்கு அதில படிப்பிக்கிறாங்கள். அந்தப் புத்தகத்தைக் காப்பாற்றுறதோ எங்கட வேலை?"

அந்த இடத்தில் என்னால் உடனடியாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் அதே கிழமை நடந்த இன்னொரு சம்பவம் அந்தக் கேள்வியை என்னை விட்டு அகலாமற் செய்துவிட்டது.

ஈசா டவுன் பள்ளிக்கூடங்கள் நிறைந்த ஊர். 1960களின் இறுதியில் எண்ணெய் வருமானத்தைக் கொண்டு திட்டமிட்டுக் கட்டப்பட்ட இந்நகரில், பஹ்ரைன் பிள்ளைகளுக்கான அரச பாடசாலைகளோடு இந்தியர், பாகிஸ்தானியர், ஆங்கிலேயர் என்று ஒவ்வொரு சமூகத்தவரின் பாடசாலைகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. இவற்றை நம்பிப் பிழைக்கும் எழுதுபொருட் கடையொன்றில் நான் வேலை செய்கிறேன். அந்தக் கடைக்கு வாழைச்சேனையைச் சேர்ந்த அக்கா ஒருவர் வந்தார். அருகிலுள்ள வீடொன்றில் பணிப்பெண்ணாக இருக்கிறார். கையிலே தொலைபேசி. "தம்பி, புள்ளைக்குக் கணக்குப் புத்தகம் இன்னும் கிடைக்கல்லயாம். இதுக்குள்ள கிடக்கு. ஊரில போட்டோக் கொப்பி அடிக்க நாலாயிரம் கேக்காங்களாம். இஞ்ச அடிச்சா என்ன முடியும்?" என்று கேட்டார். அரச இணையத்தளத்திலிருந்து யாரோ இறக்கி அனுப்பியிருந்த புத்தகம். முதற் பகுதி மட்டும் ஏறத்தாழ 200 பக்கம். எங்கள் கடையில் பக்கத்துக்கு 25 பில்ஸ். ஆக 5 தினார். அன்றைய நாணய மாற்றில் அதுவும் நாலாயிரம் ரூபாதான். மாதம் 100 தினார் சம்பளம் வாங்கும் அவருக்கு அது ஒன்றரை நாள் உழைப்பு.

அவருடைய மகள் கேட்டது வரலாற்றுப் புத்தகத்தை அல்ல, கணக்குப் புத்தகத்தை. நண்பரின் கேள்விக்கும் அக்காவின் கேள்விக்கும் இடையிலான தூரத்தை அளந்து பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை. இலங்கை அரசின் மீது நமக்குள்ள நியாயமான பகையை அந்த அரசின் ஊடாக மக்கள் வென்றெடுத்த உரிமைகளின் மீதும் நாம் சுமத்திவிடுகிறோமா என்பதே என் கேள்வி.

2

தமிழ்ச் சூழலில் இலவச அச்சுப் பிரதி என்பதன் வரலாறு சமயத்தோடு தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் அச்சிட்டு விநியோகித்த துண்டுப் பிரசுரங்கள் சாதாரண மனிதரின் கைக்குக் காசில்லாமல் வந்த ஆரம்பகால அச்சுத்தாள்களில் அடங்கும். அவற்றுக்கும் ஒரு விலை இருந்தது. அது காசாக இருக்கவில்லை என்பது மட்டுமே வேறுபாடு. அதற்கு எதிர்வினையாக ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் அமைத்துப் பாலபாடங்களை வெளியிட்டார். தமிழ் உரைநடைக்கு அந்நூல்கள் செய்த பங்களிப்பு பெரிது. ஆயினும் அவை யாருடைய பிள்ளைகளை மனதில் வைத்து எழுதப்பட்டன, சாதி வரம்பு எங்கே போடப்பட்டது என்ற கேள்விகள் இன்றும் கேட்கப்பட வேண்டியவையே.

20ஆம் நூற்றாண்டில் கேள்வி வேறு வடிவெடுத்தது. மானியம் பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்க வேண்டும் என்ற கட்டளை 1930ஐ அண்டிய ஆண்டுகளில் வந்தபோது, யாழ்ப்பாணத்தில் அதை எதிர்த்தவர்கள் பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்தார்கள். 1981இல் எரிந்த நூலகத்தை நினைவில் வைத்திருக்கும் நாம், அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னர் நம்மவரே எரித்த பள்ளிக்கூடங்களை மறந்துவிடுகிறோம். அதே காலத்தில் ஹண்டி பேரின்பநாயகம் போன்ற யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆசிரியர்கள் தாய்மொழிக் கல்விக்காகவும் சமத்துவத்துக்காகவும் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்து, 1945 ஒக்டோபர் முதலாந் திகதியிலிருந்து பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆனால் இலவசமானது படிப்புக்கான கட்டணமே, புத்தகம் அல்ல. புத்தகம் இலவசமாக இன்னும் 35 ஆண்டுகள் சென்றன. இந்த இடைவெளியை நமது கல்வி வரலாறுகள் ஒரு வசனத்தில் கடந்துவிடுகின்றன. அந்த வசனத்துக்குள்தான் ஏழைப் பிள்ளைகளின் இரண்டு தலைமுறை இருக்கிறது.

என் சொந்த நினைவு இது. 1970களின் இறுதியில் வடபகுதிக் கிராமப் பள்ளிக்கூடமொன்றில் படித்தேன். வருடத் தொடக்கத்தில் புத்தகப் பட்டியல் ஒன்றை எழுதித் தருவார்கள். வசதியானவர்கள் பட்டணத்துக்குப் போய்ப் புதிதாக வாங்குவார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அண்ணன்மாரின், மச்சான்மாரின் பழைய புத்தகங்கள் வந்து சேரும். அம்மா கோதுமை மாப்பசை காய்ச்சி ஒட்டி, மண்ணிறத் தாளில் உறை போட்டுத் தருவா. என் வகுப்பில் சீவல் தொழில் செய்யும் குடும்பத்துப் பையன் ஒருவன் இருந்தான். அவனுக்கு முன்னர் அந்தக் குடும்பத்தில் யாரும் அந்த வகுப்புவரை வந்ததில்லை. எனவே அவனுக்குக் கைமாறி வருவதற்குப் பழைய புத்தகமும் இருக்கவில்லை. புத்தகம் இல்லாதவர்கள் எழும்பி நில்லுங்கள் என்று ஒவ்வொரு பாடத்துக்கும் சொல்லப்படும். அவன் ஒவ்வொரு பாடத்துக்கும் எழும்பி நின்றான். பழைய புத்தகம்கூட ஒரு வகையில் பரம்பரைச் சொத்து என்பது எனக்குப் பின்னாளில்தான் விளங்கியது.

3

இலவசப் பாடநூல் 1980இல் வந்தது. முதலாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை, சிங்களம் தமிழ் இரு மொழியிலும், நாடு முழுவதற்கும் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் புத்தகங்கள். அவ்வருடம் என் வகுப்பில் எவரும் எழும்பி நிற்கவில்லை. எல்லோரிடமும் ஒரே மை மணக்கும் ஒரே புத்தகம் இருந்தது.

இதைச் செய்தது யாருடைய ஆட்சி என்பதுதான் நமக்கு முள்ளாகக் குத்தும் விடயம். ஜே. ஆர். ஜெயவர்த்தனாவின் அரசாங்கம் 1977இல் திறந்த பொருளாதாரத்தைக் கொண்டுவந்தது. 1979இல் அரிசிப் பங்கீட்டைக் கைவிட்டு, வருமானம் குறைந்தவர்களுக்கு மட்டும் உணவு முத்திரை என்று ஆக்கியது. அதே 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தையும் கொண்டுவந்தது. அரிசிக் கூப்பனைப் பறித்த அரசு மறு ஆண்டில் பாடப்புத்தகத்தைக் கொடுத்தது. 1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம், ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டபோதும் இதே அரசாங்கமே ஆட்சியில் இருந்தது. அதே ஆண்டில் கல்வி வெள்ளை அறிக்கை வெளிவந்தது. இலவசக் கல்வியின் அடிப்படைகளையே அது ஆட்டங்காணச் செய்யும் என்று மாணவரும் ஆசிரியரும் இடதுசாரிகளும் எதிர்த்துப் போராடினார்கள்.

ஆகவே இலவசப் புத்தகத்தை ஓர் ஆட்சியாளரின் கருணை என்று யாரேனும் சொன்னால் அது பொய். எதிர்ப்பை ஆற்றுவதற்கான சலுகையாகவும், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பாடத்தைத் திணிக்கும் வசதியாகவும் அது கொடுக்கப்பட்டிருக்கலாம். ஆனால் கொடுத்தவரின் நோக்கத்தை மட்டும் வைத்து ஒரு விடயத்தின் வரலாற்றுப் பாத்திரத்தை மதிப்பிட முடியாது. வாங்கியவர்கள் அதைக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

மலையகத்தை எடுத்துக்கொள்வோம். தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் தோட்ட நிர்வாகங்களின் தயவில், ஓரிரு ஆசிரியர்களோடு, ஐந்தாம் வகுப்புக்கு அப்பால் போகாத கொட்டகைகளாக இருந்தன. 1970களில் தொடங்கி கட்டம் கட்டமாகவே அரசு அவற்றைப் பொறுப்பேற்றது. எனவே பெரும்பாலான தோட்டப் பிள்ளைகளுக்கு அரச பாடசாலையும் அரச புத்தகமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்தன. குடியுரிமை பறிக்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டத்தின் பிள்ளைகளுக்கு, நீயும் இந்நாட்டின் மாணவன்தான் என்று அரசு எழுத்தில் ஒப்புக்கொண்ட முதற் சில பொருட்களில் ஒன்று அந்தப் புத்தகம். இன்று மலையகத்திலிருந்து வந்துள்ள ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் விரிவுரையாளர்களும் அந்தப் புத்தகத்தின் மீது ஏறி வந்தவர்களே.

அதே வேளை ஓர் இழப்பையும் மறைக்கக்கூடாது. 1980க்கு முன்னர் சுன்னாகம் வட இலங்கைத் தமிழ்நூற் பதிப்பகம் போன்ற உள்ளூர்ப் பதிப்பகங்கள் பாடநூல்களை வெளியிட்டு வந்தன. நம் ஆசிரியர்கள் தமிழிலேயே சிந்தித்து எழுதிய நூல்கள் அவற்றில் இருந்தன. அரசு எல்லாவற்றையும் தானே அச்சிட்டு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய பின் அந்தத் தொழில் படுத்துவிட்டது. புத்தகம் எல்லோருக்கும் கிடைத்தது. அதை எழுதும் அதிகாரம் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது. இவை இரண்டும் ஒன்றாகவே நடந்தன.

4

இப்போது நண்பரின் குற்றச்சாட்டுக்கு வருவோம். அது வெறும் கோபமல்ல, ஆதாரமுள்ளது. 1980களில் ரெஜி சிறிவர்த்தன, கா. இந்திரபாலா, சுனில் பஸ்தியன், செபாலி கொட்டேகொட ஆகியோர் பாடநூல்களையும் இன உறவுகளையும் ஆராய்ந்து எழுதினார்கள். சிங்கள வாசிப்பு நூல்கள், வாசிக்கும் பிள்ளை சிங்கள பௌத்தப் பிள்ளை என்ற எடுகோளிலேயே எழுதப்பட்டிருப்பதை அவ்வாய்வு எடுத்துக்காட்டியது. வரலாற்று நூல்களில் அனுராதபுரத்து அரசர்கள் பக்கம் பக்கமாக வருவார்கள். யாழ்ப்பாண அரசு சில வரிகளில் முடிந்துவிடும். தமிழ்ப் பிரதிகள் பல சிங்கள மூலத்தின் மொழிபெயர்ப்புகளாக இருந்தன. பெயர்ச் சொற்களிலிருந்து வாக்கிய அமைப்புவரை அந்த மொழிபெயர்ப்பின் தழும்புகளை நாமே கண்டிருக்கிறோம்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் பேச வேண்டும். நான் படித்த தமிழ் வாசிப்பு நூல்களின் உலகம் எது? கோயில், வயல், கிணற்றடி, நல்லூர்த் திருவிழா. அதில் தோட்டத் தொழிலாளியின் பிள்ளை இல்லை. முஸ்லிம் பிள்ளை நோன்புப் பெருநாள் பாடமொன்றில் மட்டும் வந்து போனான். என்னோடு படித்த அந்தச் சீவல் தொழிலாளியின் மகன் எங்குமே இல்லை. அந்தப் பாடங்களை எழுதியது பேரினவாதிகள் அல்லர்; நம்மவர்தான். சிங்களப் பாடநூல் தமிழரை மறந்தது என்று குற்றஞ்சாட்டும் நாம், தமிழ்ப் பாடநூல் யாரை மறந்தது என்று கேட்காவிட்டால் நமது விமர்சனம் அரைவாசிதான்.

என் வாதம் இதுதான். ஒரு புத்தகத்தின் உள்ளடக்கத்துக்கு எதிரான போராட்டம், அந்தப் புத்தகம் எல்லோருடைய கையிலும் இருக்கும்போதுதான் சாத்தியம். எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான நூல் ஒன்று இருப்பதால்தான், ஒரு தவறான வரியை எடுத்துக்காட்டி முழுச் சமூகமாக அதைத் திருத்தக் கேட்க முடிகிறது. அது இல்லாமற் போனால் பணமுள்ளவன் தனியார் பதிப்பகத்தின் நூலை வாங்குவான், சர்வதேசப் பாடசாலைக்குப் போவான், ரியூஷன் குறிப்புகளில் படிப்பான். இல்லாதவனிடம் திருத்துவதற்குக்கூட ஒரு புத்தகம் இருக்காது. மோசமான புத்தகம் போய் நல்ல புத்தகம் வரப்போவதில்லை. புத்தகமே இல்லாத நிலைதான் வரும்.

தேசிய கீதத்தைத் தமிழில் பாடலாமா என்று 2010இல் கொழும்பில் சர்ச்சை எழுந்தபோது, அதன் தமிழ் வடிவம் தமிழ்ப் பிள்ளைகளின் இலவசப் பாடநூல்களில் அச்சாகியே இருந்தது. அந்தக் கீதம் நமக்கு வேண்டுமா இல்லையா என்பது வேறு விவாதம். அரசு கொடுத்த புத்தகத்தையே அரசுக்கெதிரான சாட்சியாக நீட்ட முடிந்தது என்பதை மட்டும் இங்கு குறிப்பிடுகிறேன்.

5

யுத்த காலம் இதைவிடப் பெரிய உண்மையொன்றைச் சொல்கிறது. 1990இல் வடபகுதி மீது பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய், பற்றரி, சீமெந்து, உரம் என நீண்ட தடைப் பட்டியலின் நிழல் கடதாசியின் மீதும் விழுந்தது. யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் கொப்பித் தாளிலும் கிடைத்த நிறத் தாளிலும் அச்சாகின. மாணவர்கள் எழுதிய கொப்பியை அழித்து மீண்டும் எழுதினார்கள். விளக்கெண்ணெய்க்கு வழியில்லாமல் ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்த தலைமுறை அது.

அந்தக் காலத்திலும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பிரதேசங்களின் பாடசாலைகள் அரச பாடத்திட்டத்தில்தான் இயங்கின. ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொழும்பிலிருந்துதான் வந்தது. பரீட்சைத் தாள்களும் பாடநூல்களும் சோதனைச் சாவடிகளைத் தாண்டி, பல மாதங்கள் தாமதமாகவேனும் உள்ளே வந்துகொண்டிருந்தன. தனக்கென நீதிமன்றமும் காவல்துறையும் வைப்பகமும் வைத்திருந்த இயக்கம், பாடநூல் என்று வரும்போது அந்த அரச புத்தகத்தை விலக்கவில்லை. விலக்கியிருந்தால் பிள்ளைகள் பரீட்சை எழுத முடியாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். பெற்றோர் பொறுக்கமாட்டார்கள் என்பதையும் அறிந்திருந்தார்கள். துப்பாக்கிகளால் பிரிக்கப்பட்ட இரண்டு நிர்வாகங்களுக்கு நடுவே எல்லை கடந்து போய்வந்த மிகச் சில பொருட்களில் அந்தப் புத்தகமும் ஒன்று. இடம்பெயர்ந்தவர்களின் சாக்குப் பைகளில் அரிசியோடும் குடும்ப அட்டையோடும் பிள்ளையின் புத்தகங்களும் இருந்தன என்பதை 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் நடந்த எவரும் சொல்வார்கள்.

6

யுத்தம் நிறுத்தாத புத்தகத்தைக் கடன் நிறுத்தப் பார்த்தது.

2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளைக் கடதாசி இல்லை என்ற காரணத்துக்காக ஒத்திவைத்தார்கள். அதே மாத இறுதியில் 'தி ஐலண்ட்', 'திவயின' ஆகிய நாளேடுகளின் அச்சுப் பதிப்பு அதே காரணத்தால் தடைப்பட்டது. ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. 2023ஆம் ஆண்டுக்கான பாடநூல்களில் ஏறத்தாழ 45 வீதத்துக்கான கடதாசியும் அச்சு மூலப்பொருட்களும் இந்தியா வழங்கிய 100 கோடி டொலர் கடன் வசதியிலிருந்து வாங்கப்பட்டன. அவ்வருடச் சீருடைத் துணியின் பெரும்பகுதி சீனாவின் நன்கொடை. 1945இல் ஏகாதிபத்தியத்தின் கீழ் இருந்துகொண்டே இலவசக் கல்வியை ஏற்படுத்திய நாடு, சுதந்திரமடைந்து 75 ஆண்டுகளின் பின் பிள்ளைகளின் புத்தகத்துக்கு ஒரு வல்லரசிடமும் உடுப்புக்கு இன்னொரு வல்லரசிடமும் கையேந்தி நின்றது.

இங்கேதான் வாழைச்சேனை அக்காவை மீண்டும் நினைத்துக்கொள்கிறேன். அவருடைய தகப்பனார் வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் வேலை செய்தவர். ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் திட்டமிடப்பட்டு, 1950களின் நடுப்பகுதியில் உற்பத்தியைத் தொடங்கிய ஆலை அது. கிழக்கு மாகாண வயல்களின் வைக்கோலும் இலுக்குப் புல்லும் அதற்கு மூலப்பொருட்கள். கூழ் காய்ச்சத் தேவையான கோஸ்டிக் சோடாவும் வெளுக்கத் தேவையான குளோரினும் வடக்கே பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் செய்யப்பட்டன. தமிழ்ப் பிரதேசத்து வைக்கோலில், தமிழ்ப் பிரதேசத்து இரசாயனத்தில், இந்நாட்டுக்குக் கடதாசி செய்த காலம் ஒன்று இருந்தது. 1977இன் பின் வந்த இறக்குமதிக் கடதாசியும், யுத்தமும், புதுப்பிக்கப்படாத பழைய இயந்திரங்களும் சேர்ந்து அதை முடக்கின. பரந்தன் யுத்தத்தில் அழிந்தது. பின்னர் வாழைச்சேனை ஆலையை மீளத் திறக்க எடுத்த முயற்சிகள் பழைய நிலையைக் கொண்டுவரவில்லை. கடதாசி ஆலைத் தொழிலாளியின் மகள் கடல் கடந்து வந்து, தன் மகளுடைய புத்தகத்துக்குக் கடதாசி விலை கேட்டு நின்றார். இலவசப் புத்தகத்தைத் தொடங்கிய அதே ஆட்சிக் காலமே அந்தப் புத்தகத்துக்கான கடதாசியை உள்நாட்டில் செய்யும் வழியையும் அடைக்கத் தொடங்கியது என்பதைப் பொருளாதார அறிஞர்களைவிட அவருடைய வாழ்க்கை தெளிவாகச் சொல்கிறது.

நாமும் இக்கதைக்கு வெளியே இல்லை. கடதாசி டொலரில் வருகிறது. அந்த டொலரில் கணிசமான பங்கு மத்திய கிழக்கிலுள்ள பணிப்பெண்களும் தொழிலாளரும் அனுப்புவது. வெளிநாட்டில் வேலை செய்வோர் வங்கிகள் ஊடாக அனுப்பிய தொகை 2020இல் ஏறத்தாழ 710 கோடி டொலராக இருந்து, 2021இல் 550 கோடியாகவும் 2022இல் 380 கோடியாகவும் விழுந்தது. டொலரின் விலையை 200 ரூபாவை ஒட்டி அரசு செயற்கையாகப் பிடித்து வைத்திருந்தபோது உண்டியல்காரர் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தார்கள். ஈசா டவுனில் நாங்களும் உண்டியலில்தான் அனுப்பினோம். வீட்டில் அரிசிக்கும் மருந்துக்கும் வழி பார்க்க வேண்டியிருந்தது. அரசைப் பட்டினி போடுவோம் என்று அதை ஓர் அரசியல் நடவடிக்கையாகவும் சிலர் பேசினார்கள். பட்டினி கிடந்தது யார் என்று பின்னர்தான் தெரிந்தது. தொழிலாளியைக் குற்றஞ்சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. பொய்யான நாணய மாற்று விகிதத்தை வைத்திருந்தவர்களே முதற் குற்றவாளிகள். ஆயினும் அரசின் கஜானா வேறு, மக்களின் உரிமை வேறு என்று நாம் நினைத்த எளிமையான கணக்கு பிழைத்துவிட்டது.

7

உரிமைகள் பெரும்பாலும் ஒரே நாளில் ஒழிக்கப்படுவதில்லை. இலவசப் புத்தகத்தை ஒழிக்கிறோம் என்று எந்த அமைச்சரும் சொல்லமாட்டார். இரண்டு பேருக்கு ஒரு புத்தகம் என்பார்கள். பழைய புத்தகத்தைத் திருப்பிக் கொடு என்பார்கள். இணையத்தில் இருக்கிறது, இறக்கிக்கொள் என்பார்கள். உண்மையில் தேவைப்படுபவர்களுக்கு மட்டும் கொடுப்போம் என்பார்கள். அரிசிப் பங்கீடு உணவு முத்திரையானது இந்த வழியில்தான். 1993இல் தொடங்கிய இலவசச் சீருடைத் துணி, 2015இன் பின்னர் சில காலம் வவுச்சராக மாறியதும் இந்த வழியில்தான். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் 300 கோடி டொலர் கடன் திட்டத்துக்கு ஒப்புதல் வழங்கியதிலிருந்து, இலக்கு வைத்த நிவாரணம் என்ற சொல் நமது அரசியலில் நிலைபெற்றுவிட்டது. தேவைப்படுபவர் யார் என்று ஒருவர் தீர்மானிக்கத் தொடங்கியதும், வகுப்பில் மறுபடியும் யாரோ ஒரு பிள்ளை எழும்பி நிற்க வேண்டி வரும்.

சட்டப் பாதுகாப்பும் பலவீனமானது. இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு, கல்விக்கான சமமான வாய்ப்பை எல்லோருக்கும் உறுதிப்படுத்துவது பற்றி 27ஆம் உறுப்புரையில் பேசுகிறது. ஆனால் அந்த அத்தியாயத்திலுள்ள எதையும் நீதிமன்றத்தில் வலியுறுத்த முடியாது என்று 29ஆம் உறுப்புரை கதவை மூடிவிடுகிறது. தமிழ்நாட்டு அனுபவத்தோடு இதை ஒப்பிடலாம். 2011 மே மாதம் ஆட்சி மாறியதும், முந்தைய அரசு அச்சடித்த சமச்சீர்க் கல்விப் பாடநூல்களை அந்த ஆண்டு பயன்படுத்துவதில்லை என்று புதிய அரசு முடிவெடுத்தது. ஜூனில் பள்ளிகள் திறந்தும் பிள்ளைகள் புத்தகமில்லாமல் இருந்தார்கள். பெற்றோரும் கல்வியாளரும் வழக்காடினார்கள்; சென்னை உயர் நீதிமன்றமும், ஆகஸ்ட் 9ஆம் திகதி உச்ச நீதிமன்றமும் அந்நூல்களை வழங்கும்படி தீர்ப்பளித்தன. சில பக்கங்களில் தாள் ஒட்டி மறைத்துத்தான் கொடுத்தார்கள், ஆனாலும் கொடுத்தார்கள். அங்கே சிக்கல் நிதிவெட்டு அல்ல, அரசியற் பழிவாங்கல். எனினும் பாடநூலுக்காக நீதிமன்றப் படியேற ஒரு சட்டம் இருந்தது என்பதே நமக்குப் பாடம்.

புலம்பெயர்ந்தவர்களிடம் இன்னொரு பதில் தயாராக இருக்கிறது: நாங்கள் காசு சேர்த்து அச்சடித்துக் கொடுப்போம். நல்லெண்ணம்தான். ஆனால் நம் உதவி எந்த வழியில் போகிறது என்பதைப் பாருங்கள். லண்டனிலும் ரொறொன்ரோவிலும் உள்ள பழைய மாணவர் சங்கங்களின் பணம் அவரவர் படித்த கல்லூரிகளுக்கே போகிறது. வெளிநாட்டில் பழைய மாணவர் இல்லாத வன்னிப் பள்ளிக்கூடத்துக்கும் மலையகத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கும் யார் அச்சடித்துக் கொடுப்பது? நம் தர்மம் ஊரையும் கோயிலையும், வெளியே சொல்லாமல் சாதியையும் பார்த்தே நடக்கிறது. இலவசப் பாடநூலின் ஆகப் பெரிய குணம், வாங்கும் பிள்ளை எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று அது கேட்காததுதான். எத்தனை நன்கொடையாலும் அந்தக் குணத்தை ஈடுசெய்ய முடியாது.

நாம் செய்யக்கூடியவை வேறு. பாடநூலைச் சட்டபூர்வமான உரிமையாக்கக் கோரும் இலங்கையின் ஆசிரியர் சங்கங்களோடும் மாணவரோடும், அவர்கள் சிங்களவரா தமிழரா என்று பாராமல், நிற்கலாம். தமிழ் நூல்களைத் தமிழிலேயே எழுதும் குழுக்களில் மலையகத்தவரும் முஸ்லிம்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தலாம். பழைய பாடநூல்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்தின் சேகரத்தை வைத்து, ஒவ்வொரு காலத்திலும் நம் பிள்ளைகளுக்கு என்ன சொல்லப்பட்டது என்று ஆராய்ந்து எழுதலாம். பாடநூலைத் திட்டுவதற்கு முன் அதைப் படித்தவர்களாகவாவது இருப்போம்.

என் நண்பர் இதை வாசித்தால் ஒத்துக்கொள்வாரோ தெரியாது. அவருடைய மறுப்பு இப்பக்கங்களில் வருமானால் மகிழ்வேன். அக்காவுக்கு அன்று புத்தகத்தை அச்சடித்துக் கொடுத்தேன். முதலாளி இல்லாத நேரமென்பதால் பாதிக் காசுதான் வாங்கினேன். ஊருக்குப் போன ஒருவரின் பெட்டியில் அது போனது. அடுத்த மாதம் அவர் இரண்டாம் பகுதிக்கு வந்தார். தொலைபேசியை என்னிடம் தருமுன் கொஞ்சம் தயங்கி, "தம்பி, இதில ரெண்டு கொப்பி அடிக்கேலுமா? பக்கத்து வீட்டுப் புள்ளைக்கும் இல்லயாம்" என்றார்.